ஒன்று என்று எழுதிய தூண்

ஏதென்ஸ் நகரத்தின் நடுவே இருக்கும் பாறைக்குன்றை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதன் மேல் எரிந்துபோன கோயில்களின் கற்களை எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். எந்தக் கல்லில் எந்த மூலை போயிருக்கிறது, அதைப் போக்கியது தீயா சம்மட்டியா என்று கேட்டால் சொல்வேன். மதுரை சிம்மக்கல்லில் ஒரு பழக்கடைக்கு மேல் மாடியில், மூன்று கணினிகளும் ஓட்டை ஏசியும் இருந்த அறையில், பதினான்கு மாதம் எனக்கு அதுதான் வேலை.

நான் சிவில் எஞ்சினியரிங் படித்தவள். அந்த அலுவலகத்தை நடத்தியவர் பழைய நகரத்து முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவருடைய வீட்டில் அம்மாவை அம்மி, அக்காவை ஆபா என்பார்கள். நாங்களும் ஆபா என்றே அழைத்தோம். வீட்டு பிளான் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அவர் எப்படியோ வெளிநாட்டு வேலைகளைப் பிடித்துவந்தார். அப்படி வந்ததுதான் ஏதென்ஸ்.

இன்று படங்களில் எல்லோரும் பார்க்கிற வெண்பளிங்குக் கோயில் எங்கள் வேலையில் சேராது. அது பிறகு வந்தது. அதற்கு முன்னால் அதே குன்றின் மேல் நின்று, எரிக்கப்பட்டு, இடிக்கப்பட்டவற்றைக் கணினியில் மறுபடி நிறுத்த வேண்டும். புகைப்படங்களும் அளவுகளும் அங்கிருந்து வரும். நாங்கள் ஒவ்வொரு துண்டுக்கும் உருவம் கொடுத்து, எண் கொடுத்து, அட்டவணையில் ஏற்றி அனுப்புவோம். மிகப் பழைய கோயில் ஒன்றின் கூரை முகப்பில் இருந்த சிங்கங்கள் வந்தன. அவற்றின் நகங்களுக்குக் கீழே ஒரு காளை கிழிபடுகிறது. ரத்தத்துக்காகப் பூசிய சிவப்பு மங்கலாக இன்னும் இருந்தது. மூன்று உடம்பும் பாம்பு வாலும் கொண்ட ஒருவன் வந்தான், தாடிக்கு நீலம் அடித்தவன். அத்தீனா தேவியின் பழைய கோயில் நின்ற இடத்தில் மிஞ்சியது அடித்தளம் மட்டும். அதற்குத் தெற்கே, கட்டி முடிப்பதற்குள் அழிந்த ஒரு பளிங்குக் கோயில். தூணாக வேண்டிய அதன் உருளைக் கற்கள் பாதி செதுக்கிய நிலையிலேயே தீயில் வெடித்திருந்தன.

நடந்தது இதுதான். பாரசீகப் படை வந்தபோது ஊர் முழுவதும் கப்பலேறிப் போய்விட்டது. கொஞ்சம் பேர் மட்டும் குன்றைவிட்டு இறங்கவில்லை. மரக்கட்டைகளால் வாசலை அடைத்துக்கொண்டு, ஏறி வந்தவர்கள் மேல் பாறைகளை உருட்டிவிட்டார்கள். யாராலும் ஏற முடியாது என்று காவல் போடாமல் விட்ட செங்குத்துப் பக்கமாகவே படை ஏறியது. மேலே இருந்தவர்களில் சிலர் மதிலிலிருந்து குதித்துச் செத்தார்கள். மீதிப்பேர் கோயிலுக்குள் ஓடினார்கள். கதவைத் திறந்து, சாமிக்கு முன்னாலேயே அவர்களை வெட்டிப்போட்டு, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு தீ வைத்தார்கள். திரும்பி வந்த ஊர்க்காரர்கள் தலைபோன சிலைகளை அந்தக் குன்றிலேயே குழிகளில் போட்டு மூடினார்கள். வெடித்த உருளைக் கற்களை வடக்கு மதிலில், கீழே ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில் வைத்துக் கட்டினார்கள். அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன.

எங்கள் அட்டவணையில் கடைசிப் பத்தி ‘சேதம்’. அதில் எழுத நான்கே சொற்கள்: தீ, அடி, விழுந்தது, தெரியாது. முதல் மாதம் எனக்கு எல்லாமே ‘தெரியாது’. பிறகு கண் பழகிவிட்டது. தீ பட்ட சுண்ணாம்புக்கல் நிறம் மாறித் தோல் உரியும். விழுந்த கல்லுக்கு விளிம்பு போகும், பரந்து நசுங்கும். அடிபட்ட கல்லில் அடி இறங்கிய புள்ளியில் ஒரு குழி இருக்கும், அதிலிருந்து விரிசல்கள் விசிறிபோலக் கிளம்பும். சிலைகளின் முகத்தில் இருந்தவை பெரும்பாலும் மூன்றாவது வகை. மூக்கும் வாயும் தானாக உடைவது குறைவு.

எண் போடுவதற்கும் ஒரு விதி இருந்தது. எந்தக் கட்டடமானாலும் வடமேற்கு மூலையில் தொடங்கி வலமாகச் சுற்றி வர வேண்டும். ஏன் வடமேற்கு என்று நான் கேட்டதில்லை. எங்காவது தொடங்கியாக வேண்டும். எண் என்பது கல்லைத் திரும்பக் கண்டுபிடிக்க, அவ்வளவுதான் என்று நினைத்தேன். என் சொந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் அப்படி நினைத்ததுதான் என் தவறு.

எங்கள் ஊர் சமயநல்லூரிலிருந்து மேற்கே பஸ்ஸில் இருபது நிமிடம். அங்கே குலசாமி கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முடிவாகியிருந்தது. அந்தச் சாமியைக் கும்பிடும் பங்காளிகள் இரண்டு கரையாகப் பிரிந்தவர்கள். கரை என்றால் ஒரே வம்சத்தின் கிளை. சாமி கிழக்கே பார்த்து இருக்கிறது. அதன் வலக்கைப் பக்கம், அதாவது தெற்கு வரிசையில் மூன்று தூண், முதல் கரையின் முன்னோர் நிறுத்தியவை. வடக்கு வரிசை மூன்றும் இரண்டாம் கரையுடையவை. திருவிழாவில் பூசாரி பரிவட்டம் கட்டுவதும் திருநீறு கொடுப்பதும் முதல் கரைக்கு முதலில். இந்த முதல் மரியாதைக்காக இரண்டு கரையும் என் அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே பேச்சுவார்த்தை, கோர்ட்டு, கைகலப்பு என்று எல்லாம் பார்த்திருந்தன. நாங்கள் முதல் கரை.

பழைய தூண்களையே புதுக் கோயிலிலும் நிறுத்தலாம், கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதுங்கள் என்று ஸ்தபதி சொல்லியிருக்கிறார். வெளியாள் எதற்கு, எங்கள் வீட்டிலேயே எஞ்சினியர் இருக்கிறாள் என்று என் அண்ணன் எழுந்து சொல்லிவிட்டான். அவனுக்கு என்னைவிட நான்கு வயது கூட. வயலைப் பார்த்துக்கொண்டு டிராக்டர் ஓட்டுகிறான். நான் படித்ததில் அவனுக்கு இருந்த பெருமை எனக்கே இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பெயின்டும் பிரஷும் டேப்பும் கொண்டுபோனேன். டேப்பின் மறுமுனையை அண்ணன் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு தூணையும் அளந்து குறித்தேன். பிறகு கை பழகிய வழியில், வடமேற்கு மூலைக்குப் போய் ஒன்று என்று எழுதினேன். வடக்கு வரிசை மேற்கிலிருந்து கிழக்காக ஒன்று, இரண்டு, மூன்று. தெற்கு வரிசை திரும்பி வரும் வழியில் நான்கு, ஐந்து, ஆறு. எழுத்து உள்ளங்கை அகலம், கண் உயரத்தில், தெளிவாக. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனும் அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று போனில் படம் எடுத்தான்.

புதன்கிழமை போன் வந்தது.

“பாப்பா, அந்த ஒண்ண எதுக்கு அவங்க தூணுல போட்ட?”

விதியைச் சொன்னேன்.

“அவங்க கல்லுல இருந்துதான் தொடங்கணும்னு எந்த ஊர்ல சட்டம்?”

“ஏதென்ஸ்ல” என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

இரண்டாம் கரையில் அதைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார்கள். முதல் கரை வீட்டுப் படித்த பெண்ணே எழுதிக் கொடுத்துவிட்டாள், இனி எந்தக் கோர்ட்டுக்கும் போக வேண்டாம் என்று டீக்கடையில் பேச்சு. அண்ணனைப் பார்க்கிற இடத்தில் எல்லாம், வாங்க நாலாம் நம்பர் என்று கூப்பிடுகிறார்களாம். நான் ஞாயிற்றுக்கிழமை வந்து எண்ணை அழித்துவிட்டு எழுத்தாக மாற்றிவிடுகிறேன், அ, ஆ, இ என்று போடலாம் என்றேன்.

“அ யாருக்கு?” என்றான் அண்ணன்.

அன்றிரவே போய் அழித்திருக்கலாம் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அப்போது பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு பாலாலயம். கருவறையைப் பிரிக்கும் முன் சாமியின் சக்தியை ஒரு கும்பத்து நீருக்கு மாற்றிப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் வைப்பார்கள். புதுக் கோயில் எழும்பும்வரை சாமி அந்தத் தண்ணீரில் இருக்கும். முன்மண்டபத்தின் கூரைக்கல்லையும் உத்தரங்களையும் முந்தின வாரமே இறக்கிவிட்டதால் ஆறு தூண்களும் மொட்டையாக நின்றன. நான் பெயின்ட் அழிக்கும் தின்னரும் கந்தல் துணியும் பைக்குள் வைத்திருந்தேன். பூசை முடியட்டும் என்று கொட்டகையோரம் பெண்களோடு நின்றேன். காலை ஒன்பது மணி இருக்கும்.

பூசாரி கும்பத்தை என் அப்பாவின் கையில் கொடுத்தார். முதல் கரையில் வயதில் பெரியவர் என்ற முறையில் அதைச் சுமக்க வேண்டியவர் அவர். அடுத்ததாகப் பூசாரி பரிவட்டத்தை எடுத்தார். அப்போது இரண்டாம் கரைப் பெரியப்பா ஒருவர், எதிர்க்கும் குரலில்கூட இல்லை, வேடிக்கையாகவே சொன்னார்.

“பூசாரி, கல்லுல எழுதியிருக்கதைப் படிச்சிட்டுக் கட்டுங்க. அம்புட்டு வருசம் பஞ்சாயத்துப் பேசுனோம். ஒரு டப்பா பெயின்டுல முடிச்சுவிட்டுருச்சு புள்ள.”

இரண்டாம் கரைப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கல் பிரிக்க வந்த ஆட்களின் சாமான்கள் ஓரமாகக் கிடந்தன. அண்ணன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வடமேற்குத் தூணுக்குப் போனான். நான் எழுதிய ஒன்றின் மேல் சரியாக அடித்தான்.

முதல் அடியில் பெயின்ட் தெறித்தது. இரண்டாவதில் குழி விழுந்தது. மூன்றாவதில் தூண் அந்த இடத்திலேயே முறிந்து மேற்குப் பக்கமாகச் சாய்ந்தது. கல் முறியும் சத்தம் கிணற்றில் வெடி வைத்தது போல் இருந்தது.

அதற்குள் இரண்டாம் கரையிலிருந்து ஒருவர் கடப்பாரையோடு தெற்கு வரிசைக்கு ஓடியிருந்தார். அந்தப் பெரியப்பாவின் மகன், சமயநல்லூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். முறைக்கு எனக்கு அண்ணன். நான்காம் எண் தூணின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். பலமான ஆள். தூண் ஆடி, குப்புற விழுந்து இரண்டாக உடைந்தது. என் அண்ணன் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கடப்பாரையைப் பற்றினான். இரண்டு பேரும் இழுத்தார்கள். முதலில் மண்ணில் விழுந்தது ஒர்க்‌ஷாப் அண்ணன். அவர் கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தபோது என் அண்ணன் கடப்பாரையை இரண்டு கையாலும் ஓங்கி அவருடைய தலையின் இடப்பக்கத்தில் அடித்தான்.

ஒரு அடி. அந்தச் சத்தம் கல்லின் சத்தம் போல இல்லை. ஈரமான சத்தம்.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. கற்கள் பறந்தன. ஒரு பெண்ணுக்கு நெற்றி பிளந்தது. யாரோ யாருடைய காதையோ கடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் என் அண்ணனைப் பிடித்து இழுத்துப்போய், உடைந்து கிடந்த நான்காம் தூணின் மேல் அவனுடைய வலது கையை வைத்து அழுத்தினார்கள். ஒருவன் அதே சம்மட்டியால் அடித்தான். அண்ணன் கத்தவில்லை. அம்மாதான் கத்தினாள். பெரியப்பா தன் மகனின் தலையைத் தன் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார், துண்டு நனைந்ததும் வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். அண்டிராயரோடு ரத்தத்தில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவுக்கும் நடுவில் என் அப்பா கொட்டகை வாசலில் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு கையாலும் கும்பத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். சாமி அதில் இருந்தது. சிந்தக் கூடாது. ஒரு கல் அவருடைய தோளில் பட்டது, அப்போதும் கையை எடுக்கவில்லை.

ஒர்க்‌ஷாப் அண்ணனை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தலைக்காய வார்டில் சேர்த்தார்கள். நினைவு இல்லை. அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு வார்டில் என் அண்ணன், கை முழுக்கக் கட்டோடு, வாசலில் ஒரு போலீஸ்காரர். ஒர்க்‌ஷாப் அண்ணன் செத்தால் இவன் கொலைகாரன். பிழைத்தாலும் இவன் ஜெயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் அடித்தது யார் என்பது தெரியாமல் இருக்க வேண்டும். இரண்டாம் கரை கொடுத்த புகாரில் அடித்தவர்கள் என்று பதினொரு பேர். முதல் பெயர் என் அப்பா. எங்கள் கரைக்காரர்கள் சொன்ன கணக்கில் ஒருவர்கூட இல்லை. தூண் சாய்ந்து தலையில் பட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்பா என்னைத் தனியாக அழைத்துப்போனார். தோளில் வீக்கம் இருந்ததால் ஒரு கையை மடித்துப் பிடித்திருந்தார்.

“கல்லு சாஞ்சுச்சுன்னு நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க. அதுக்குப் படிச்சவ நீ. உங்கண்ணன் பாவம்மா.”

மறுநாள் விடிகாலையில் ஆஸ்பத்திரிக் குழாயடியில் ஒர்க்‌ஷாப் அண்ணனின் மனைவியைப் பார்த்தேன். எனக்கு மதினி முறை. கணவனின் சட்டையை ஒரு பாலித்தீன் பையில் சுருட்டி வைத்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அப்பா தூண்டிவிட்டுத்தான் என் அண்ணன் அடித்தான், பதினொரு பேரும் சேர்ந்துதான் அடித்தார்கள் என்று போலீஸில் சொல்லச் சொன்னார்.

“நீ யாருக்கும் பயப்படாம எங்க தூணுக்கு ஒண்ணுன்னு எழுதுன புள்ள. இதையும் எழுது.”

அன்று திங்கட்கிழமை. அங்கிருந்தே நான் வேலைக்குப் போனேன். போகாமல் வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வாரம் வந்திருந்தவை குழியிலிருந்து எடுத்த பெண் சிலைகள். ஒன்றுக்குத் தலை இல்லை. இன்னொன்றின் தலை இருந்தது, முகம் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு குழி, அதிலிருந்து விரிசல்கள். ‘சேதம்’ பத்தியில் நான்கு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘விழுந்தது’ என்று போட்டால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. அடித்தவன் செத்து இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் ஆகிறது. ஆனாலும் கை போகவில்லை. ‘அடி’ என்று போட்டேன்.

ஆபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதைச் செய், அதைச் செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு வாளியை நகர்த்தி வைத்தார்.

“நீ எப்படிச் சொன்னாலும் கொஞ்ச நாள் ஊருக்குப் போக முடியாது. எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மா கிடக்கு. அம்மிகிட்ட சொல்லிட்டேன். பெட்டிய எடுத்துட்டு வா.”

செவ்வாய்க்கிழமை சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் பெரியவராக இருப்பார். நான் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஆறு தூண்களின் படம், யார் எங்கே நின்றார்கள், எது முன்னால், எது பின்னால். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வாயால் சொல்லுங்கள் என்றார்.

தூண் சாயவில்லையா என்று கேட்டார். சாய்ந்தது என்றேன். முதல் தூண் மேற்கே சாய்ந்தது. நான்காவது குப்புற விழுந்தபோது ஒர்க்‌ஷாப் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், விழுந்தபிறகு கடப்பாரை இழுபறி நடந்தது. கல் விழுந்தால் காயம் பரந்து நசுங்கியிருக்கும். அவருடைய தலையில் இருந்தது குறுகலான குழி, கடப்பாரைத் தடிமன்.

“அடிச்சது யாரு?”

“என் அண்ணன்.”

“கூட?”

“யாரும் இல்ல.”

“எத்தனை அடி?”

“ஒண்ணு.”

“உங்கப்பா தூண்டிவிட்டாராமே?”

“அப்பா வாய் திறக்கல. ரெண்டு கையும் கும்பத்துல இருந்துச்சு. கடைசிவரைக்கும்.”

அண்ணனின் கையைப் பிடித்த மூன்று பேரையும் சம்மட்டியால் அடித்தவனையும் சொன்னேன். எண்ணை எழுதியது நான் என்றும், அதற்கு எந்தப் பொருளும் இல்லை என்றும் சொன்னேன். எஸ்.ஐ. தலையை நிமிர்த்தினார். அவரும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கரையில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். அது எப்படிம்மா பொருள் இல்லாம இருக்கும் என்று கேட்டுவிட்டு மேலே எழுதினார்.

வெளியே அப்பா புளிய மரத்தடியில் நின்றார். நான் சொன்னதைச் சொன்னேன்.

“உங்கிட்ட உண்மையை யாரும்மா கேட்டா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டது போல இருந்தது. பிறகு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். நான் பெட்டியோடு ஆபா வீட்டுக்குப் போனேன்.

ஒன்பதாவது நாள் ஒர்க்‌ஷாப் அண்ணன் கண் திறந்தார். இடக்காது போய்விட்டது. பேச்சு மெதுவாகிவிட்டது, சொல்லைத் தேடித் தேடி எடுப்பார். என் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜெயிலுக்குப் போய், இரண்டு மாதம் கழித்து ஜாமீனில் வந்தான். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வலது கையில் மூன்று விரல் மடங்காது. இடது கையால் போடப் பழகிக்கொண்டான். என்னோடு பேசுவதில்லை. எங்கள் கரையில் வேறு யாரும் பேசுவதில்லை. இரண்டாம் கரையிலும் பேசுவதில்லை, பத்துப் பேரை நான் தப்பவிட்டேன் என்று. வழக்கிலிருந்து அந்தப் பத்துப் பெயர்களும் இன்னும் போகவில்லை. பெரியப்பா தன் மகனுக்கு நடந்தது ஞாபகத்துக்கு வந்ததும் எல்லோரையும் அவனே சொல்வான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயில் மட்டும் எழுந்துவிட்டது. அதிகாரிகள் நடுவில் உட்கார்ந்து, பரிவட்டமே யாருக்கும் கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலையை நடத்தவிட்டார்கள். தூண்கள் எல்லாம் புதியவை. முறிந்த கல்லைச் சாமிக்கு முன்னால் நிறுத்தக் கூடாது, கண்மாயில் போடுங்கள் என்றார் ஸ்தபதி. இரண்டு கரையும் விடவில்லை. ஒன்றாம் எண் தூணை அவன் உடைத்தது தெரிய வேண்டும் என்றது இரண்டாம் கரை. அப்படியானால் நான்காம் எண்ணை அவன் சாய்த்ததும் தெரிய வேண்டும் என்றது முதல் கரை. கடைசியில் இரண்டையும் சுற்றுச்சுவரில், ரோட்டைப் பார்த்த பக்கம், முறிந்த இடம் வெளியே தெரியும்படி வைத்துக் கட்டிவிட்டார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தபோது அந்த இரண்டு இடத்தையும் விட்டுவிட்டு அடித்திருக்கிறார்கள். ஏதென்ஸ்காரர்கள் வெடித்த கல்லை வடக்கு மதிலில் வைத்தது நினைவுக்காக என்று படித்திருக்கிறேன். இருக்கலாம். எங்கள் ஊர்ச் சுவரைப் பார்த்தபிறகு எனக்கு அதில் சந்தேகம் வந்துவிட்டது.

விசாரணை தொடங்குவதற்கு முந்தின மாதம், ஒரு மதியம் சாப்பிட வரச் சொல்லி அம்மா போன் செய்தாள். ஒரு வருடத்துக்கு மேலான பிறகு முதல் தடவையாகப் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகக் கோயிலைத் தாண்ட வேண்டும். சுவரோரம் நிழலில் ஒர்க்‌ஷாப் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். தலையில் இடப்பக்கம் முடி முளைக்காத ஒரு கோடு. நான் தலையைக் குனிந்து போகப் பார்த்தேன்.

“நில்லு” என்றார். “இந்தப் பக்கம் வந்து பேசு. அந்தக் காது இல்ல.”

வலப்பக்கம் போய் நின்றேன். சுவரில் இருந்த தூணில் விரலை வைத்தார். குழிக்கு மேல் ஒன்றின் தலை மட்டும் மிச்சமிருந்தது.

“எனக்கு... பரிவட்டம் எடுத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கு. பெறகு ஆஸ்பத்திரி. நடுவுல ஒண்ணும் இல்ல. அப்பா பதினொரு பேருங்கிறாரு. நீ பாத்தியாம்ல. யாரு?”

சொன்னேன்.

“அவன் மட்டுமா?”

“அவன் மட்டும்தான்ணே.”

“நான் என்ன செஞ்சேன்?”

“நாலாம் தூணை நெம்பிச் சாச்சீங்க. கடப்பாரையை ரெண்டு பேரும் இழுத்தீங்க. நீங்க கீழ விழுந்துட்டீங்க. எந்திரிக்கையில அடிச்சான்.”

“எத்தனை?”

“ஒண்ணு.”

அவர் வாயைக் கோணிச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

“ஒத்த அடிக்கா இம்புட்டு?”

ஒரு டவுன் பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. பிறகு, சொல்லைத் தேடித் தேடி, கோர்ட்டில் இதையேதான் தானும் சொல்லப்போவதாகச் சொன்னார். நான் சொல்லித் தெரிந்தது என்று சொன்னால் எடுபடாதாம். தனக்கு ஞாபகம் வந்துவிட்டது, ஒரு ஆள், ஒரு அடி என்று சொல்வாராம். பெரியப்பா விடுவாரா என்று கேட்டேன்.

“அவருக்கு ஞாபகம் இருக்கு. எனக்குத்தான அடி விழுந்துச்சு. இம்புட்டுப் பேரையும் சுமந்துக்கிட்டு என்னால திரிய முடியாது. அவன விடமாட்டேன். அவன் உள்ள போவணும். ஆனா அவன் மட்டும்.”

வீட்டில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், இடது கையில் ஸ்பூனோடு. நான் உள்ளே வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். நின்ற வாக்கிலேயே நான் சொல்லிவிட்டேன், சுவரடியில் கேட்டது, சொன்னது எல்லாவற்றையும். அப்பா உட்பட பத்துப் பேர் வெளியே வந்துவிடுவார்கள் என்றேன். நீ போவாய் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுப்படி வாசலில் அம்மா நின்றாள். அண்ணன் மறுபடி உட்கார்ந்தான். தட்டில் இருந்த சோற்றை ஸ்பூனால் ஒரு பக்கமாக ஒதுக்கினான். பதினான்கு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

“காது கேக்குதா அவனுக்கு?”

“ஒரு பக்கம் கேக்குது.”

“எந்தப் பக்கம்?”

“நீ அடிக்காத பக்கம்.”

தலையாட்டினான். அம்மாவைப் பார்த்து எனக்கும் சோறு போடச் சொன்னான்.